கப்பலிற் புதையல் வேட்டை

குழந்தைகளுக்கு விளையாட்டு ஒன்று அமைத்துக் கொடுப்பது எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எழுத்து வேலையிற் பழகியவன் ஒரு தாளை எடுத்து, தேட வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்பதே என் அபிப்பிராயமாக இருந்தது. சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் சென்று திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்றில் நான்கு இரவு பிரயாணம் செய்தனர். அப்போதுதான், பட்டியல் எழுதுவது எத்துணைப் பொறுப்புள்ள காரியம் என்பதை உணர்ந்தேன். அந்தப் பாடம் எனக்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியிடமிருந்து கிடைத்தது. தோட்டத்திலும் பட்டணத்திலும் பிள்ளைகளை வளர்க்கும் வாசகர்களுக்கு அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதையல் வேட்டை இன்னதென்பதைப் பெரும்பாலோர் அறிவர். தேட வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று பிள்ளைகளிடம் தரப்படும். குறித்த நேரத்துக்குள் அவற்றைக் கண்டுபிடித்துத் திரும்புவோர்க்குப் பரிசு. கப்பலில் இவ்விளையாட்டுக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. பிள்ளைகள் எங்கே ஓடினாலும் கப்பலை விட்டு வெளியே போக முடியாது என்பது வசதி. வெளியே போக முடியாத அந்த இடம் பதினெட்டுத் தட்டு உயரமும், நம் தோட்டத்து லயங்கள் பலவற்றை வரிசையாக வைத்தாற்போன்ற நீளமும் உடையதாய் இருப்பது தொல்லை. மாடிப்படிகள், மின்தூக்கிகள், நீச்சற்குளங்கள், சூதாட்டக் கூடம் என்று குழந்தைகள் தனியே போகத் தகாத இடங்கள் அதிற் பல. ஆகவே இரண்டு தட்டுகளுக்குள்ளேயே விளையாட்டு, படிகளில் ஓடலாகாது, மின்தூக்கியைத் தொடலாகாது, சுவரில் எதனையும் ஒட்டலாகாது, பணியாளர் மட்டும் செல்லும் கதவைத் திறக்கலாகாது என்று விதிகளை முன்னரே வகுத்துக்கொண்டேன். பெரியவர் ஒருவர் ஒவ்வொரு படிக்கட்டின் அருகிலும் நிற்பது என்றும் ஏற்பாடு.

எங்கள் கூட்டத்திற் குழந்தைகள் ஐவர். என் அக்காளின் மக்கள் இருவர் சிங்கப்பூரிலே பிறந்து வளர்ந்தவர்கள். மூத்தவனுக்கு வயது பதினொன்று, இளையவளுக்கு எட்டு. என் மக்கள் இருவருக்கு ஒன்பதும் ஏழும். தம்பியின் மகளுக்கு ஆறு. தம்பி எங்கள் ஜொகூர்த் தோட்டத்திலே செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுகிறான். கப்பற் சீட்டுகளுக்கான பணத்திற் பெரும்பகுதியை அத்தான் கொடுத்தார். இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணம் கொடுத்தவர் பிள்ளைகளும் பெற்றுக்கொண்டவர் பிள்ளைகளும் கூடும் இடத்தில், எவரும் அழையாமலே உயர்வு தாழ்வு என்பது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அக்காள் மக்கள் தமக்குள் ஆங்கிலத்திற் பேசுவர், தம்பி மகள் தமிழில் விடை சொல்வாள், அவர்கள் சிரிப்பர். நானும் சிங்கப்பூரில் உறவினர் வீட்டிலே தங்கி ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன். அந்தச் சிரிப்பு எத்தகையதென்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அவ்வாறு சிரித்தவனே. ஆகவே பட்டியல் முழுவதையும் தமிழிலேயே எழுதுவதென்று தீர்மானித்தேன். எழுதப் படிக்கப் போதிய பயிற்சியில்லாத ஆறு வயதுக் குழந்தைக்காக ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு சிறு படம் வரைந்தேன்.

கப்பல் ஏறுவதற்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை தேக்காவில் ஓர் ஒத்திகை நடத்தினேன். லிட்டில் இந்தியா என்று பெயர்ப்பலகைகள் கூறும் அவ்விடத்தை நம்மவர் இன்றும் தேக்கா என்றே வழங்குகின்றனர். சிறு மூங்கிற்புதரின் அடி என்னும் பொருளுள்ள ஹொக்கியன் சீனச் சொல்லே அப்படித் தேக்கா என்று நம் வாயில் நிலைத்தது. எருமையின் பெயரை ஆங்கிலத்தில் ஒன்றும் மலாயில் ஒன்றுமாகத் தாங்கி நிற்கும் இரண்டு தெருக்கள் எவை என்பது முதற் கேள்வி. ரோச்சோர் ஆற்றின் நீரையும் அதன் கரையிலிருந்த புல்லையும் நம்பிச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் செழித்திருந்தது. அதன் நினைவாகவே பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்றும் அருகருகே உள்ளன. வானவில்லைப் போல் வர்ணம் பூசிய சீன மாளிகை எது என்பது இரண்டாங் கேள்வி. அது 1900-ம் ஆண்டிற் கட்டப்பட்ட டான் டெங் நியாவின் இல்லம். 2015-ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் எந்தத் தெருவில் உள்ளது என்பது மூன்றாங் கேள்வி. கேம்பல் லேன் என்று என் மகள் முதலிற் கண்டுபிடித்தாள்.

பிள்ளைகள் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் ஓடிய தெருக்களில், கட்டடத் தொழிலும் கப்பற்பட்டறைத் தொழிலும் செய்ய நம் நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள், வாரத்தில் கிடைத்த ஒரு நாள் ஓய்வில் நண்பர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அவர்களுக்கிடையே மரங்களுக்கிடையே நுழைவது போல் நுழைந்து ஓடினார்கள். பிள்ளைகளின் கண்ணுக்குத் தாள் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. தம்பி மகள் மட்டும் பூக்கடை வாயிலில் நின்று, மல்லிகை தொடுப்பவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குழந்தை விளையாட்டில் மனம் வைக்கவில்லையே" என்று நான் குறைபட்டேன். பின்பு செராங்கூன் ரோட்டுக் கடையொன்றிற் பரிசுக்காகப் பித்தளைப் பம்பரம் ஒன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இனி, நான் எழுதிய பட்டியலின் கடைசி வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு என் தந்தையைப் பெற்ற பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டி 1937-ல், ஏழு வயதுச் சிறுமியாக, தாய் தந்தையரோடு நாகப்பட்டினத்தில் ராஜூலாக் கப்பல் ஏறியவர். அக்கப்பல் 1926-ல் கிளாஸ்கோ நகரிற் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனிக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடி, 1973-ல் கைமாறி, 1974-ல் உடைக்கப்பட்டது. ஏறத்தாழ 8,500 டன் அளவுள்ள அக்கப்பலில் 5,000-க்கு மேற்பட்ட டெக்குப் பிரயாணிகளை ஏற்றத் தொடக்கத்தில் அனுமதி இருந்தது. நாங்கள் ஏறிய கப்பல் அதனைப் போற் பதினேழு மடங்கு பெரியது. அதில் ஏறிய பிரயாணிகளோ மூவாயிரம் சொச்சம். இவ்விரண்டு கணக்குகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால், நம் முன்னோர் எவ்விதம் வந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பாட்டி வந்த அடுத்த வருஷமே, 1938-ல், உதவிப் பணத்திற் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது.

கப்பலில் இரண்டாம் நாள் பாட்டி கூட்டத்தில் வழி தவறிவிட்டார். பாய்களும் மூட்டைகளும் படுத்த மனிதர்களும் நிறைந்த தளத்திலே தாயைத் தேடி அழுதுகொண்டு நடந்த குழந்தையை, கப்பலில் வேலை செய்யும் ஒருவர் கைப்பிடித்து, ஒரு ரொட்டித் துண்டு கொடுத்து, வரிசை வரிசையாக அழைத்துச் சென்று தாயிடம் சேர்த்தார். தமிழ் பேசினார் என்பது மட்டும் பாட்டிக்கு நினைவு. சிங்கப்பூருக்கு வந்ததும் செயின்ட் ஜான்ஸ் தீவின் நோய்த்தடுப்பு முகாமிற் சில நாள் வைத்துப் பிறகே கரைக்கு விட்டார்கள். 1874-ல் அமைக்கப்பட்ட முகாம் அது. அந்தப் பரபரப்பில் அம்மனிதரைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. பாட்டி தம் இறுதிக் காலம் வரையில், "அந்த மகராசன் பேரை ஒரு வார்த்தை கேட்காமற் போனோமே" என்று வருந்துவார்.

இதனை மனத்திற் கொண்டுதான் பட்டியல் எழுதினேன். அவற்றில் முதலாவது: அபாயச் சங்கு ஊதினால் நாம் கூட வேண்டிய இடத்தின் எழுத்து என்ன? இவ்வாறு கூடுவதை நம் தோட்டத்து மொழியில் பிரட்டு என்றே குழந்தைகளுக்கு விளக்கினேன். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதன் பயனாக 1914-ல் முதற் கடற் பாதுகாப்பு உடன்படிக்கை தோன்றியது; 2012-ல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்தபின், பிரயாணிகள் ஏறியதும் கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டுமென்ற விதி 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டாக ஆயினும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய விடை இது. இரண்டாவது: உயிர்காப்புப் படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆட்கணக்கு. மூன்றாவது: கப்பலின் இடப்பக்க விளக்கின் நிறம். அது சிவப்பு, வலப்பக்கத்தது பச்சை. நான்காவது: முதல் நாள் மாலை நான் காட்டிய, 1855-ல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கத்தின் பெயர். அது ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். ஐந்தாவது: கப்பலின் வழியைக் காட்டும் படத்தில் அப்போது நமக்கு அருகிலுள்ள ஊர். ஆறாவது: நாம் காலூன்றி நிற்கும் பொருளுக்கு மலாய்க்காரர் நம்மிடமிருந்து பெற்ற சொல் யாது? 'காப்பால்' என்று அவர்கள் சொல்வது நம் 'கப்பல்' அல்லவா? இவ்வாறும் தலைக்குப் பத்து மதிப்பெண்.

ஏழாவதாக எழுதினேன்: "இக்கப்பலில் வேலை செய்யும் தமிழர் ஒருவரின் பெயர். மதிப்பெண் இருபது." அதன் பக்கத்தில் ஒரு மனித முகத்தை வரைந்தேன். பாட்டி கேட்க மறந்த பெயரைக் கொள்ளுப்பேரர்கள் கேட்டு வருவார்கள் என்று எண்ணியபோது, எழுதிய எனக்கே கண் கலங்கியது. நல்ல நோக்கம் ஒன்று உள்ளத்தில் இருந்துவிட்டால், செய்யும் காரியமும் நல்லதாகவே முடியும் என்று நினைப்பவரில் நானும் ஒருவன்.

மறுநாட் காலை பத்து மணிக்கு, கப்பல் மலாக்கா நீரிணையிற் சென்றுகொண்டிருக்கையில், விளையாட்டு ஆரம்பமாயிற்று. கால் மணி நேரம் கழித்து உணவுக்கூடத்தின் பக்கம் சென்று பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க பணியாளர் ஒருவர், இரு கைகளிலும் எச்சிற் தட்டுகளை அடுக்கி ஏந்தியவாறு நின்றுகொண்டிருந்தார். என் மக்களும் அக்காள் மக்களுமாகிய நால்வரும் அவரைச் சூழ்ந்து நின்றனர். அவர் மார்பில் அணிந்திருந்த பெயர்வில்லையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவர் சற்றே குனிந்து மார்பை முன்னே காட்டிக்கொண்டு நின்றார். கைச்சுமை கனத்ததால் தோள்கள் நடுங்கின. அவர் முகத்தை எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதி முடித்ததும், ஒரு வார்த்தை பேசாமல், நால்வரும் ஓடிவிட்டார்கள். அவரும் தட்டுகளோடு உள்ளே சென்றார்.

அப்போது என் நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. எனினும் "விளையாட்டுத்தானே" என்று வாளாவிருந்தேன். அதனை இங்கே மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

அக்காள் மகன் முப்பத்தொரு நிமிஷத்தில் ஏழு விடைகளோடும் வந்து நின்றான். மற்ற மூவரும் நேரத்துக்குள் வந்தனர். தம்பி மகளை மட்டும் காணோம். குறித்த நேரத்துக்கு மேற் பத்து நிமிஷம் கழிந்த பின், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். அவள் தாளில் மூன்று விடைகளே இருந்தன. ஏழாவது வரியில் எழுத்து ஒன்றும் இல்லை.

"பெயர் கிடைக்கவில்லையா, கண்ணு?" என்றேன்.

"கிடைத்தது, பெரியப்பா" என்று சொல்லி, அப்பெயரைச் சொன்னாள். பெயர்வில்லையில் இருந்தவை ஆங்கில எழுத்துகள். அவற்றைப் படிக்க அவளுக்குத் தெரியாது. ஆதலால் அவரிடமே சென்று, "மாமா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தட்டுகளை வைத்துவிட்டு வந்து, அவள் எதிரே முழந்தாளிட்டு உட்கார்ந்து விடை சொல்லியிருக்கிறார்.

"பெரியப்பா, அவர் ஊர் தூத்துக்குடிப் பக்கமாம். அவர் வீட்டிலும் என்னைப்போல ஒரு பாப்பா இருக்கிறாளாம். அவளுக்கும் முன்பல் விழுந்துவிட்டதாம். அவர் இன்னும் பார்க்கவில்லையாம்."

எட்டு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் கழிந்திருக்கிறது என்று தம்பி மனைவி பிறகு விளக்கினாள்.

அக்காள் மகனுக்குப் பொறுக்கவில்லை. "பெயர் சட்டையிலேயே எழுதியிருக்கிறதே! அதை எதற்குக் கேட்க வேண்டும்?" என்றான்.

"எழுதியிருந்தால் கேட்கக் கூடாதா?" என்றாள் அவள்.

அவள் வாதுக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அக்கேள்விக்கு அவனிடமும் விடை இல்லை, என்னிடமும் இல்லை.

பரிசை யாருக்குக் கொடுப்பது? "சின்னவளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று என் மனைவி காதோடு சொன்னாள். எனக்கும் ஆசைதான். ஆனால் வேலை முடிந்தபின் கூலிக் கணக்கை மாற்றுவது எத்தகைய அநியாயம் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவர் நன்கு அறிவர். நான் சொன்ன விதியை நம்பி ஓடிய பிள்ளையை, ஓடி முடித்தபின் வேறு விதி காட்டி ஏமாற்றலாமா? பம்பரத்தை அக்காள் மகன் கையிலேயே கொடுத்தேன். பிறகு எல்லாரையும் உட்காரவைத்து, "நீங்கள் பட்டியலிற் கண்டபடியே செய்தீர்கள். பிழை உங்களுடையதன்று, பட்டியல் எழுதியவனுடையது" என்று சொல்லி, பாட்டியின் கதையை முதல் முறையாக அவர்களுக்குக் கூறினேன். அக்கதையை விளையாட்டுக்கு முன்பே கூறியிருக்க வேண்டும் என்பது கூட எனக்குத் தோன்றாமற் போயிற்று!

அன்றிரவு மேல்தளத்தில் தனியே நின்று யோசித்தேன். அப்பட்டியலின் ஆறு வரிகளில் ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு நிறம், ஒரு விளக்கம், ஓர் ஊர், ஒரு சொல். ஏழாவது வரியில் ஒரு மனிதன். ஆறு பொருள்களோடு ஏழாவது பொருளாக ஒரு மனிதனை எழுதி, அவனுக்கு இருபது மதிப்பெண் என்று விலையும் போட்ட பின்னர், குழந்தைகள் அவனைப் பொருளாகக் கருதினார்கள் என்று வருந்துவது என்ன நியாயம்?

இதே வேட்டை மேல்நாட்டுச் செல்வர்களின் விருந்துகளில் 1920-களிலும் 1930-களிலும் பெரிய மோகமாக இருந்தது. எல்ஸா மாக்ஸ்வெல் என்னும் அமெரிக்க அம்மையார் அதனைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். 1936-ல் வெளிவந்த 'மை மேன் காட்ஃப்ரே' என்னும் அமெரிக்கப் படம் அவ்வழக்கத்தைச் சாட்டையால் அடிப்பது போலத் தொடங்குகிறது. பணக்காரர்கள் நடத்தும் வேட்டை ஒன்றில், தேடிக் கொண்டுவர வேண்டியவற்றுள் ஒன்றாக, உலகம் மறந்த ஏழை மனிதன் ஒருவனும் இருக்கிறான். குப்பைமேட்டில் வாழும் ஒருவனைப் பட்டாடை உடுத்திய பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைத்துப் போக வருகின்றனர். அப்படத்தை முன்பு பார்த்தபோது, இப்படியும் மனிதர் உண்டா என்று நான் சிரித்தேன். அத்தகைய மனிதன் என் சட்டைக்குள்ளேயே இருந்தான்!

மேலும் யோசிக்கையில், இப்பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிற்று. தினமும் விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்குச் செல்கிறேன். கையிற் செக்ரோல் இருக்கிறது. பெயர்களுக்கு நேரே குறியிடுகிறேன். இன்று எங்கள் தோட்டத்தில் நம்மவர் சிலரே. இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நேபாளியரும் மிகுதி. அவர்களில் ஒருவருடைய பெயர் மூன்று சொற்களால் ஆனது. கட்டத்தில் இடம் போதாமையால் அதனை ஒரு சொல்லாகக் குறுக்கி எழுதினேன். மூன்று வருஷமாக அந்த ஒரு சொல்லாலேயே அவரை அழைக்கிறேன்; அவரும் "வந்தேன்" என்கிறார். என் பாட்டியின் தந்தையையும் யாரோ ஒரு கிராணி இப்படித்தானே ஒரு கட்டத்துக்குள் அடைத்திருப்பான்? நம்மைத் தலைக்கணக்கில் எண்ணினார்கள் என்று நாம் மேடைகளிற் பேசுகிறோம். எண்ணுகிற பென்சில் நம் கைக்கு வந்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதை யார் கேட்பது?

புக்கெட்டிலிருந்து திரும்பும் நாள் முழுவதும் கடலிலேயே கழிந்தது. அன்று இரண்டாவது வேட்டை ஒன்று அமைத்தேன். இதில் முதலாவது, கடைசி என்பதில்லை, கடிகாரமும் இல்லை. பெரிய பிள்ளை ஒன்றும் சிறிய பிள்ளை ஒன்றும் இணையாகச் செல்ல வேண்டும். அக்காள் மகனைத் தம்பி மகளோடு சேர்த்தேன்; மற்ற மூவரும் ஓர் அணி. பட்டியலிற் பொருள்களும் சொற்களும் மட்டுமே இருந்தன. மனிதர் ஒருவரும் இல்லை. ஆனால் கீழே ஒரு குறிப்பு எழுதினேன்: "வழியில் உங்களுக்கு உதவியவர் யார்? அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? வந்து சொல்லுங்கள்." இதற்கு மதிப்பெண் கிடையாது.

அவர்கள் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. அக்காள் மகன் ஆங்கில எழுத்துகளைப் படித்தான். தம்பி மகள் கேட்க வேண்டியவற்றை வாய் கூசாமற் கேட்டாள். அவனுக்கு இல்லாதது அவளிடமும், அவளுக்கு இல்லாதது அவனிடமும் இருந்தது. இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் கேட்டுச் சிரித்தார்கள் என்றாலும், அது முன்பு சிரித்த சிரிப்பு அன்று. மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், ஈரம் காயும் வரையிற் காத்திருக்கச் சொன்னாராம். இருவரும் காத்திருந்து, அவரைத் தாண்டிப் போகையில் நன்றி சொன்னார்களாம். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். நன்றிக்கு அவர் மொழியில் 'சலாமாத்' என்று சொல்லிக்கொடுத்தாராம். மலாய் மொழியில் வாழ்த்துக்கு வழங்கும் 'செலாமாட்' போல இருக்கிறதே என்று தம்பி மகளுக்கு ஆச்சரியம். என் பட்டியலில் எழுத எனக்குத் தோன்றாத புதையல் அது.

மறுநாட் காலை சிங்கப்பூர்க் கரை தெரிந்தபோது உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்தோம். தூத்துக்குடிக்காரர் எங்கள் மேசைக்கு வந்து காப்பி ஊற்றினார். அக்காள் மகன் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிர்ந்து, தட்டுத் தடுமாறிய தமிழில், "வணக்கம், மாமா. உங்கள் பாப்பா நலமா?" என்று கேட்டான். என்னை அழைக்கும் அதே சொல்லால் அவரையும் அழைத்தான். அவர் காப்பிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தார். "நலம் தம்பி, நேற்றிரவுதான் பேசினேன்" என்றார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவர் ஒரு குழந்தைக்குச் சொன்ன பெயர்; பத்திரிகைக்குத் தந்ததன்று.

கப்பலிலோ ரயிலிலோ தோட்டத்துத் திடலிலோ தேக்காவின் தெருக்களிலோ பிள்ளைகளுக்கு இத்தகைய வேட்டை அமைக்க விரும்பும் பெற்றோர்க்கு, பட்டுத் தெரிந்தவன் என்ற உரிமையில் ஒன்றிரண்டு சொல்வேன். எல்லையை முதலில் வகுத்துவிடுங்கள். பெரியதோடு சிறியதைச் சேர்த்தனுப்புங்கள். ஆபத்தில் உதவும் செய்தி ஒன்றேனும் பட்டியலில் இருக்கட்டும். ஓடி எடுக்கும் விடைகளைவிட, நின்று கேட்கும் விடைகளை மிகுதியாக வையுங்கள். முன்னோரின் கதையைப் பரிசளிப்பு நேரத்துக்கென்று ஒளித்து வைக்காதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் மனிதரைப் பட்டியலில் எழுதாதீர்கள். பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்டு வளர்வதில்லை. நாம் எவற்றைத் தேடத் தகுந்தவை என்று குறித்துக் கொடுக்கிறோமோ அவற்றைத் தேடியே வளர்கிறார்கள்.

தோட்டம் திரும்பிய மறுநாள் விடியற்காலையிற் செக்ரோலோடு பிரட்டுக்களத்துக்குச் சென்றேன். மூன்று சொற்பெயருடைய அந்த வங்காள தேசத்தவரை நிறுத்தி, உம்முடைய முழுப் பெயரைச் சொல்லும் என்று கேட்டேன். ஏதேனும் தவறு நேர்ந்ததோ என்று முதலில் அஞ்சினார். பிறகு மூன்று சொற்களையும் நிதானமாகச் சொன்னார். கட்டத்தில் இடம் போதவில்லை. கோட்டைத் தாண்டி எழுதினேன்.